முடிச்சம்மா பொட்டலம் கட்டாத வியாழக்கிழமை

எங்கள் சரக்குக் கட்டுவோர் சங்கத்தின் ஆண்டு மலரில் என் கதை இதுவரை மூன்று முறை வந்துவிட்டது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், சைக்கிள் கேரியரில் அட்டைப் பெட்டியை வைத்துத் தொழில் தொடங்கியவன், இன்றைக்கு இரண்டு கிடங்கும் ஏழு வண்டியும் வைத்திருக்கிறான் என்பது உறுப்பினர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இந்த வருடமும் செயலாளர் வந்து, "அண்ணே, நீங்க எழுதலேன்னா மலரே மணக்காது" என்றார். எல்லோரிடமும் அவர் அப்படித்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். இந்தத் தடவை எழுதப்போவது என்னைப் பற்றி இல்லை. என் கிடங்கில் பெட்டி கட்டும் ஓர் அம்மாவைப் பற்றி.

முடிச்சம்மா என்றால் எங்கள் தெருவில் அத்தனை கிடங்குக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக என்னிடம் வேலை. கண்ணாடி டம்ளர், பீங்கான் தட்டு, விளக்குக் கூடு, எது வந்தாலும் அவர் மேசைக்குத்தான் போகும். வைக்கோலும் காகிதமும் திணித்து, மூடி, சணல் கட்டி, பெட்டியைத் தூக்கிக் காதுப் பக்கம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டுவார். உள்ளே சின்னச் சத்தம் கேட்டாலும் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவார். அவர் கட்டிய பெட்டிக்குள் சரக்கு உடைந்தது இரண்டே முறை. ஒருமுறை லாரி கவிழ்ந்தது. இன்னொரு முறை, சின்ன வயதில் என் மகன் பந்து என்று நினைத்து உதைத்தது.

இந்தத் திறமையை ஊட்டியவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவரிடம் ஒரு சட்டம் சொன்னேன்: "பெட்டிய மூடாம மேசைய விட்டு எந்திரிக்கக் கூடாது." திறந்து கிடக்கும் பெட்டியில் தூசி விழும், கை விழும், எண்ணிக்கை தப்பும். அந்தம்மா இதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். ஒருமுறை கிடங்குக் கூரை பிய்ந்து மழை கொட்டியபோது எல்லோரும் வெளியே ஓடினார்கள். இவர் மட்டும் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் எழுந்தார். நனைந்துபோய் வந்து நின்றவரிடம், "உசிர விட பெட்டி பெருசாம்மா?" என்று கேட்டேன். "முடிச்சு பாதில நின்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராது முதலாளி" என்றார்.

இந்தச் சட்டம் அவர் வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவர் வீட்டில் நாலு பேர். கணவர் பஸ் கண்டக்டர், வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். மகள் படிப்பை முடித்துவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பழகுகிறாள். மகன் செல்போன் பழுது பார்க்கும் கடையில் இருக்கிறான். யார் எப்போது வருவார்கள் என்று தெரியாததால் அந்தம்மா சாயங்காலமே சமைத்து, நாலு டப்பாவில் அடைத்து, மூடியில் பென்சிலால் அடையாளம் போட்டு அடுப்பு மேடையில் வரிசையாக வைத்துவிடுவார். வருகிறவர் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவார். கணவர் டிவி முன்னால். மகன் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு. மகள் கட்டிலில் புத்தகத்தோடு. அந்தம்மா அடுப்பு மேடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, நின்றபடியே. விடுமுறை நாளில் நாலு பேரும் வீட்டில் இருந்தாலும் இதே கதைதான். வீட்டில் சாப்பாட்டு மேசை இருந்தது, நாலு நாற்காலியும் இருந்தது. அதன்மேல் இஸ்திரி போடவேண்டிய துணி குவிந்து கிடந்தது.

பதினோரு மணி டீயை நான் கட்டும் கூடத்தில்தான் குடிப்பேன். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாததால் இல்லை. முதலாளி கண் பட்டால்தான் வேலை நடக்கும். என் மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது, மகன் கடல் தாண்டிக் குடும்பத்தோடு இருக்கிறான், ஆனால் அது வேறு விஷயம். அந்த டீ நேரத்தில்தான் முடிச்சம்மா இதெல்லாம் சொல்வார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னார். பஸ்ஸில் பத்து மணி நேரம் போகவேண்டிய ஊர். வெள்ளிக்கிழமை காலை புறப்பாடு.

"நல்ல செய்திதானேம்மா, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீங்க?"

"நல்ல செய்திதான் முதலாளி. அவ போறதுக்குள்ள நாங்க நாலு பேரும் ஒரு வேளை ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். அது ஒண்ணுதான் மனசுல ஓடுது. நாலு பேரும் கடைசியா எப்ப உக்காந்தோம்னு யோசிச்சுப் பாத்தேன், ஞாபகமே வரல."

"இது ஒரு பெரிய விஷயமா? கூப்பிட்டு உக்கார வையுங்க."

"கூப்பிட்டா வருவாங்க. உக்காருவாங்க. எப்படா முடியும்னு பாப்பாங்க. நான் சொல்றது அது இல்ல முதலாளி." அப்புறம் சணலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

போன வருடத்திலிருந்து ஒரு பண்ணைக்கு, முட்டைக்கோஸ் மாதிரி உருண்டு இருக்கும் லெட்டூஸ் கீரையும் நாங்கள்தான் பெட்டி போடுகிறோம். ஈரக் காகிதம் சுற்றிப் பெட்டிக்குப் பன்னிரண்டு, மேலே பண்ணைக்காரர் கொடுக்கும் சமையல் குறிப்பு அட்டை ஒன்று. மேல் இலை கிழிந்ததைப் பெட்டியில் போட முடியாது. அதை வேலையாட்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். முடிச்சம்மா ஆயிரக்கணக்கில் அந்த அட்டையைப் பெட்டியில் வைத்திருக்கிறார், ஒரு தடவையும் படித்ததில்லை. செவ்வாய்க்கிழமைதான் நின்று படித்தார். கோழிக் கொத்துக்கறியை வதக்கி, வேகவைக்காத லெட்டூஸ் இலையில் வைத்துச் சுற்றிச் சாப்பிடுவது. இருபது நிமிட வேலை. எண்ணெய் குறைவு, சோறு இல்லை. கண்டக்டருக்குச் சர்க்கரை எகிறிவிட்டது, ராத்திரியில் சோற்றைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டித்திருந்தார். அதனால் மனசுக்கு ஒத்துப்போனது. கிழிந்த கீரையில் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அட்டையின் கடைசி வரியில், இலையையும் கறியையும் மேசையில் தனித்தனியாக வையுங்கள், அவரவர் சுற்றிக்கொள்ளட்டும் என்று இருந்தது. படித்தார். "நம்ம வீட்ல யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கு" என்று தாண்டிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் இருபத்துநாலு இலையில் கறியை வைத்து, மடித்து, சுற்றி, ஒவ்வொன்றையும் வெங்காயத்தாளால் ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டினார். ஆறு ஆறாக நாலு டப்பாவில் அடுக்கி மூடினார். ஏற்றுமதிக்கு அனுப்பலாம், அத்தனை அழகாம்.

மகன் வந்தான், டப்பாவைத் தூக்கினான், கதவைச் சாத்தினான். பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. "அம்மா, பார்சல் நனைஞ்சு வந்திருக்கு. கம்ப்ளெயிண்ட் யார்கிட்ட குடுக்கணும்?"

சூட்டோடு மூடியதில் இலை வெந்து, தண்ணீர் விட்டு, துணி பிழிந்த மாதிரி ஆகிவிட்டது. மகள், "நல்லாத்தான்மா இருக்கு" என்று சொல்லிப் பாதியை வைத்துவிட்டாள். கணவர் டிவி முன்னாலிருந்து, "என்னம்மா இது, டாக்டர் என்னை ஆடுன்னு எழுதிக் குடுத்துட்டாரா?" என்று கேட்டாராம். ஆனால் ஆறையும் தின்றுவிட்டார். அந்தம்மா தன் பங்கை அடுப்பு மேடையில் நின்று சாப்பிட்டார். வாரத்தில் ஒரு நாள் போனது.

புதன்கிழமை டீ நேரத்தில் இதைச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏம்மா, ஈரச் சரக்கைச் சூட்டோட மூடலாமா? இத்தனை வருஷம் சொல்லிக் குடுத்தேனே, எல்லாம் வீணாப்போச்சா?"

"நீங்க சொன்ன சட்டந்தான் முதலாளி. மூடாம மேசைய விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு."

நான் எழுந்து வண்டிக்காரரை அதட்டப் போய்விட்டேன். அவர் ஒரு தப்பும் செய்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் நடந்ததுதான் விஷயம். மிஞ்சிய கறியை வாணலியில் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். இலையைத் தண்ணீரில் போட்டிருந்தார். டப்பாக்களில் இன்னும் ஈரம் காயவில்லை. மகள் துணி எடுத்து வைக்க வேண்டுமென்று சீக்கிரமே வந்தவள், பசி தாங்காமல் ஓர் இலையை எடுத்து உதறி, ஒரு கரண்டி கறியைப் போட்டு, மடித்து வாயில் வைத்தாள். இலை நறுக்கென்றது. சாறு முழங்கை வரை வழிந்தது. சிரித்தாள். இரண்டாவது எடுத்தாள். இதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு நடக்க முடியாது, கொட்டிப்போகும். ஒவ்வொன்றையும் வாணலி பக்கத்தில் நின்றுதான் செய்யவேண்டும். நின்றாள். நிற்கும்போது பேசினாள். புது ஊரில் மூன்று பெண்களோடு ஒரே அறை, காலை ஐந்தரைக்கு மட்டும் தண்ணீர், முதல் மாதம் போன் பண்ணினால் அழுதுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

"மூணு வருஷமா அவ என்கிட்ட பேசாதத நாலு இலைல பேசிட்டா முதலாளி" என்றார் மறுநாள். "நான்தான் டப்பாவ கையில குடுத்து எல்லாரையும் அனுப்பி வச்சிருக்கேன். இன்னிக்கு டப்பா கட்ட மாட்டேன். என்னை அஞ்சு மணிக்கு விட்டுடுங்க."

வியாழக்கிழமை. ஒரு ஹோட்டலுக்கு நானூறு பீங்கான் கிண்ணம், ஆறு மணி லாரி. இருபத்திரண்டு வருடத்தில் அவர் சீக்கிரம் போகக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் முடியாது என்றேன். முதலாளி அப்படித்தான் இருக்க வேண்டும். அவர் கிண்ணங்கள் பக்கம் திரும்பிவிட்டார். ஐந்தேமுக்காலுக்குக் கடைசிப் பெட்டியைக் காதுப் பக்கம் ஆட்டிவிட்டு எழுந்தார். பஸ் பிடித்துப் போனால் ஏழு மணி ஆகும். எனக்கு என்னவோ போல் இருந்தது. "வாங்க, நானே கொண்டு விடறேன்" என்று வண்டியை எடுத்தேன். அன்றைக்கு ஒதுக்கிய கிழிந்த லெட்டூஸை ஒரு பெட்டியில் போட்டு, நானே தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். எனக்கு வயது எழுபத்தொன்று. மூச்சு வாங்கவில்லை. இரண்டாவது மாடியில் செருப்பு வார் சரிசெய்யத்தான் நின்றேன்.

"வந்துட்டீங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும் முதலாளி" என்றார். துணிக்குவியலை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு மேசையைத் துடைத்தார். நான் உட்கார்ந்தேன். அப்புறம் நாலு டப்பாவையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இத கொஞ்சம் பிடிச்சுக்குங்க. பக்கத்துல இருந்தா என் கை சும்மா இருக்காது."

நான் வேலை தெரிந்தவன். யார் வேலையையும் ஒரு பார்வையில் எடை போட்டுவிடுவேன். அந்தச் சமையலில் ஒரு விநாடி வீண் இல்லை. இலையைப் பிரித்து ஐஸ் தண்ணீரில் போட்டார். வாணலி புகையும்போது ஒரு கரண்டி நல்லெண்ணெய், பொடியாக நறுக்கிய பூண்டு, இஞ்சி. கொத்துக்கறியைப் போட்டுக் கரண்டி முனையால் கட்டி உடைத்தார். நிறம் மாறியதும் துருவிய கேரட், குடைமிளகாய், ஒரு பச்சை மிளகாய். சோயா சாஸ் மூன்று கரண்டி, வினிகர் ஒன்று, தேன் கொஞ்சம். சாறு சுண்டியதும் அடுப்பை அணைத்து வெங்காயத்தாளைத் தூவினார். வேர்க்கடலையை உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தார். பத்தொன்பது நிமிடம், என் கடிகாரத்தில். வாணலியை மேசை நடுவில் வைத்தார். இலையை வடித்து ஒரு தட்டில் வைத்தார். மூடவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏழு மணிக்கு மகன் வந்தான். "அம்மா, என் டப்பா எங்க?"

"டப்பா இல்ல."

"கழுவலையா?"

"கழுவியாச்சு. தர மாட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான், என் மடியைப் பார்த்தான். "என்ன முதலாளி, ஜப்தி பண்ண வந்தீங்களா?"

ஓர் இலையில் கறியைக் குவித்து அறைக்கு நடந்தான். மூன்றாவது எட்டில் பாதி கறி தரையில், மீதி செல்போன் மேல். மகள் அறையிலிருந்து எட்டிப்பார்த்து, "டேய், ஊருக்கெல்லாம் போன் கழுவிக் குடுக்கிறவன் உன்னோடத முதல்ல கழுவு" என்றாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தான். மகளும் வந்து உட்கார்ந்தாள். அந்தம்மா உட்கார்ந்தார். நான் நாலாவது நாற்காலி.

மகள் இலை நிறைய கறியை அமுக்கினாள். "அக்கா, இது உன் சூட்கேஸ் இல்ல. ஏறி உக்காந்தாலும் மூடாது" என்றான் தம்பி. அந்தம்மா சுற்றியது மட்டும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. "அம்மாவோடது வெளிநாட்டுத் தரம்டா" என்றாள் மகள். அந்தம்மா வாய் திறக்காமல் சிரித்தார். கண் மட்டும் வாசலில் இருந்தது. கண்டக்டர் ஏழரைக்கு வரவேண்டும்.

ஏழரைக்குப் போன்தான் வந்தது. மாற்று ஆள் வரவில்லை, இன்னொரு நடை போகச் சொல்லிவிட்டார்கள், எட்டரை ஆகும், நீங்க சாப்பிடுங்க.

போனை வைத்துவிட்டு அந்தம்மா வாணலியைப் பார்த்தார். மகன் ஐந்து சாப்பிட்டுவிட்டான், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டான். மகளுக்கு இன்னும் பாதிப் பெட்டி அடுக்க வேண்டியிருந்தது. இவர்கள் எழுந்தால் முடிந்தது. நாளைக் காலை அவள் பஸ்ஸில் இருப்பாள். அந்தம்மாவின் கை மெதுவாக என் மடிப் பக்கம் வந்தது. கணவர் பங்கை எடுத்து மூடி வைக்கத்தான். டப்பா மேல் விரல் பட்டது. நின்றது. திரும்பிப் போய்விட்டது.

"அவருக்கு எடுத்து வைக்கப் போறதில்ல. வந்து உக்காந்து சாப்பிடட்டும்" என்றார். பிள்ளைகளிடம், இருங்க என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வராது அவருக்கு.

அப்போது நான் ஆரம்பித்தேன். "தம்பி, நான் சைக்கிள்ல பெட்டி கட்டின கதை தெரியுமா உனக்கு?"

"அம்மா சொல்லியிருக்காங்க முதலாளி."

"அம்மா சொன்னது சுருக்கம். உக்காரு."

பெரியவர் பேசும்போது எழுந்து போக முடியுமா? ஒரு மணி நேரம் சொன்னேன். சைக்கிள் பஞ்சரான இடத்தில் கால் மணி நேரம் நின்றேன். முதல் வண்டி வாங்கியதை இரண்டு தடவை வாங்கினேன். மகன் கொட்டாவி விட்டான், ஆனால் கை சும்மா இல்லாமல் சின்ன இலையாகப் பார்த்துச் சுற்றித் தின்றுகொண்டே இருந்தான். மகள், "அந்தச் சைக்கிள் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டு அப்பாவுக்கு என்று நல்ல இலையாகப் பொறுக்கித் தனியே வைத்தாள். அந்தம்மா வேர்க்கடலையை மறுபடி மறுபடி உடைத்தார். வாணலி ஆறிவிட்டது. அவர் எழுந்து சூடு பண்ணவில்லை, எழுந்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று. அந்த ஒரு மணி நேரம் அவர் என்னைப் பார்த்த பார்வையை இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த எந்தப் பொன்னாடைக்கும் சமமாக வைக்க மாட்டேன்.

எட்டே முக்காலுக்குப் படியில் பூட்ஸ் சத்தம். கண்டக்டர் டிக்கெட் பையோடு உள்ளே வந்தார். மேசையைப் பார்த்துவிட்டு வீடு மாறி வந்துவிட்டோமோ என்பதுபோல நின்றார். "என்ன, இன்னும் யாரும் சாப்பிடலையா? முதலாளி வேற! உக்காருங்க உக்காருங்க, நான் நின்னுகிட்டே ஒரு வாய்..."

"நின்னுகிட்டு முடியாதுப்பா. ரெண்டு கையும் வேணும்" என்றாள் மகள்.

நான் எழுந்தேன். டப்பாக்களைத் தரையில் வைத்தேன். நாற்காலி நாலுதான். மகன் ஒரு முக்காலி எடுத்து வர ஓடினான். கிடங்கில் வேலை இருக்கிறது என்றேன். ஒரு வேலையும் இல்லை. முதலாளி இன்னும் ரெண்டு சாப்பிடுங்க என்று நாலு பேரும் சொன்னார்கள். சொல்லும்போதே கண்டக்டர் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகள் அவர் கையில் ஓர் இலையை வைத்துவிட்டாள்.

கீழே வந்து வண்டியில் ஏறிக்கொண்டேன். மூன்றாவது மாடி ஜன்னல் திறந்திருந்தது. கண்டக்டர் ஏதோ சொன்னார், மூன்று பேர் சிரித்தார்கள். இன்னொரு தடவை சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இன்ஜின் சூடாகட்டும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். அந்த வண்டி போன வருடம் வாங்கியது, அதற்குச் சூடாக வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மகளை பஸ் ஏற்றிவிட்டு முடிச்சம்மா பத்து மணிக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. சணலை எடுத்தார், கட்டத் தொடங்கினார். டீ வந்தபோது கேட்டேன்.

"நான் கிளம்பினப்புறம் எவ்வளவு நேரம்மா உக்காந்திருந்தீங்க?"

"மணி பாக்கல முதலாளி. எல்லா இலையும் தீந்துடுச்சு. அப்புறமும் இருந்தோம்."

"என்ன பேசுனீங்க?"

யோசித்தார். "ஒண்ணும் இல்ல. அந்த சைக்கிள் பஞ்சர் கதைய என் மக அவங்க அப்பாவுக்கு முதல்லேருந்து சொன்னா. நீங்க சொன்னத விட நல்லா சொன்னா."

அதை மட்டும் நான் நம்பவில்லை.